பேரிகையின் ஒலி இருக்கும் இடம்

‘பேரிகையின் ஒலியைக் கேட்டேன்’ என்று ஒருவர் சொல்லும்போது, அவர் கேட்ட ஒலி பேரிகை இருந்த இடத்தில் இருந்ததா, அவருடைய செவிக்குள் இருந்ததா என்னும் வினா இந்தியத் தத்துவ நூல்களில் பல நூற்றாண்டுகளாக வாதிக்கப்பட்டு வந்த ஒன்றாகும். மேலோட்டமாகப் பார்த்தால் சொல்விளையாட்டுப்போலத் தோன்றினாலும், ஒலி என்பது பொருளா குணமா, புலன் தன் பொருளைத் தேடிச் செல்கிறதா அல்லது பொருள் புலனை வந்தடைகிறதா, பலர் கூடி ஒரே ஒலியைக் கேட்டதாகச் சொல்வது மெய்யா என்னும் பெரிய வினாக்கள் யாவும் இந்தச் சிறு வாக்கியத்தின் மேல்தான் வந்து நிற்கின்றன. இக்காலத்து இசைக்குழுவொன்று மேடையேறுவதற்கு முன், டிரம் செட்டை எங்கே வைப்பது, கிட்டார் ஆம்ப்ளிஃபயரை எந்தப் பக்கம் திருப்புவது என்று மேடைப் பணியாளர் படும் பாடும் இதே வினாவைச் சுற்றியதுதான். அவர்கள் அதைத் தருக்கச் சொற்களால் சொல்வதில்லை, அவ்வளவே. நூலோர் பேரிகையைக் காட்டி வாதித்ததை மேடை நாள்தோறும் சோதித்துப் பார்க்கிறது. அச்சோதனையில் எந்தக் கட்சியும் முழு வெற்றி பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நியாய, வைசேடிக நூலோர், அதாவது அளவைகளையும் பொருள்வகைகளையும் ஆராய்ந்த இரு தரிசனத்தார், ஒலியை ஆகாயத்தின் குணம் என்றனர். அவர்கள் கொண்ட ஆகாயம் காற்றும் அன்று, தலைக்குமேல் தெரியும் வானமும் அன்று. எங்கும் நிறைந்ததும் ஒன்றேயானதும் ஒலிக்கு இருப்பிடமாவதுமான ஒரு பொருள் அது. செவி என்னும் புலனும் வேறொன்றன்று, காதுத் துளையால் எல்லை கட்டப்பட்ட அதே ஆகாயமே என்பது அவர்கள் துணிபு. கோல் பட்டவுடன் பேரிகையருகே ஓர் ஒலி பிறக்கிறது. அது தன்னையொத்த மற்றோர் ஒலியை அடுத்த இடத்தில் பிறப்பித்துவிட்டுத் தான் மறைகிறது. அந்த இரண்டாவது மூன்றாவதைப் பிறப்பிக்கிறது. இப்படி நீளும் வரிசையில் எந்த ஒலி செவித்துளையின் ஆகாயத்தில் வந்து பிறக்கிறதோ அதுவே கேட்கப்படுகிறது. இத்தொடரை விளக்க இரண்டு உவமைகள் வழங்கின. குளத்தில் கல் விழுந்தால் வட்டத்தின்மேல் வட்டமாக விரியும் அலையைப் போன்றது என்பது ‘வீசீதரங்க நியாயம்’. கடம்ப மொட்டு மலரும்போது அதன் இழைகள் எல்லாத் திசையிலும் ஒருசேரச் சிலிர்த்து எழுவதைப் போன்றது என்பது ‘கதம்பமுகுள நியாயம்’. எந்த உவமையைக் கொண்டாலும் முடிவு ஒன்றே: பேரிகையருகே பிறந்த முதல் ஒலியைத் தொலைவில் இருப்பவர் எவரும் கேட்டதில்லை, அவரவர் செவியில் பிறந்த அதன் வழித்தோன்றலையே அவரவர் கேட்கின்றனர்.

பேரிகை இங்கே தற்செயலாக வந்த எடுத்துக்காட்டு அன்று. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் ஒலியை வெறும் ஓசை, எழுத்தொலி என இரண்டாகப் பகுத்து, முன்னதற்குப் பேரிகை முதலியவற்றையே காட்டுகிறது. அந்நூலைச் சிவஞான முனிவர் தமிழாக்கியதால் தமிழ் வழியே தருக்கம் பயின்றோர்க்கும் அது பழகிய பொருளாயிற்று. உரைகாரர் இன்னும் நுணுகி, பேரிகை ஒலிக்கு ஆகாயம் சமவாயி காரணம், அதாவது குணம் தங்கியிருக்கும் பொருள் என்றும், பேரிகையும் ஆகாயமும் பொருந்தியிருக்கும் சேர்க்கை அசமவாயி காரணம் என்றும், பேரிகையும் கோலும் மோதுவது நிமித்த காரணம் என்றும் பிரித்தனர். அடித்த கையும் கோலும் மட்டுமே ஒலியை உண்டாக்குவதில்லை, அடிபட்ட கருவி வெளியோடு கொண்டுள்ள உறவும் காரணங்களுள் ஒன்று என்னும் இக்கூற்று, டிரம் செட்டைச் சுவரிலிருந்து நான்கடி முன்னே இழுத்து வைத்துப் பார்க்கும் பணியாளருக்கு வியப்பளிக்காது. ஆனால் இதைக் கொண்டு அலைக்கோட்பாட்டை முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று முழங்குவது இரு பக்கத்துக்கும் செய்யும் அநீதி. வைசேடிகரின் ஆகாயத்துக்கு நிறையும் இல்லை, அசைவும் இல்லை. அவர்கள் வரிசையைச் சொன்னார்களே தவிர அதிர்வை அளக்கவில்லை.

இக்கொள்கைக்கு எதிராக எழுந்த கூர்மையான மறுப்பு, சோழநாட்டுக் கண்டரமாணிக்கத்தைச் சேர்ந்தவரும் 17ஆம் நூற்றாண்டினருமான தருமராச அத்துவரீந்திரர் இயற்றிய வேதாந்த பரிபாஷையில் உள்ளது. அத்வைத வேதாந்தத்தின் அளவையியலைச் சுருக்கித் தரும் அந்நூல், கண்ணைப் போலவே செவியும் பொருள் இருக்கும் இடத்துக்குச் சென்று பற்றுகிறது என்று கொள்கிறது. அதற்கு அவர் காட்டும் சான்று அனுபவம்: மக்கள் ‘பேரிகையின் ஒலியைக் கேட்டேன்’ என்கிறார்களேயன்றி, ‘பேரிகை ஒலியின் வழிவந்த ஏதோ ஓர் ஒலியைக் காதுக்குள் கேட்டேன்’ என்று எவரும் சொல்வதில்லை. நியாய நூலோராகிய நையாயிகர் கொள்கையை ஏற்றால் இரண்டு சுமைகள் ஏறுகின்றன. பேரிகைக்கும் காதுக்கும் இடையே எண்ணற்ற ஒலிகள் பிறந்து இறப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். அதோடு, உலகத்தார் அனைவரும் ஐயமின்றி உணரும் ஓர் அனுபவத்தை மயக்கம் என்று தள்ள வேண்டும். தருக்க நூலோர் ‘கௌரவம்’ என்று பெயரிட்ட குற்றம் இது. வேண்டாத கற்பனைகளால் கொள்கை கனத்துப்போவது என்பது அதன் பொருள்.

பௌத்தருள் வசுபந்து முதலியோர் செவி தன் பொருளைத் தொடாமலே அறிகிறது என்றனர்; தொட்டால்தான் அறியும் என்றால் ஒலி அருகிலிருந்து வருகிறது, தொலைவிலிருந்து வருகிறது என்ற வேறுபாடு எப்படித் தோன்றும் என்பது அக்கட்சிக்குத் துணையாகக் காட்டப்படும் வினா. சமணர் கண்ணையும் மனத்தையும் மட்டும் அவ்வாறு கொண்டு, செவியைத் தொட்டறியும் புலன்களோடு சேர்த்தனர். மீமாஞ்சகருக்கு இவ்வாதம் வாழ்வா சாவா என்னும் அளவினது, ஏனெனில் வேதச் சொல் என்றுமுள்ளது என்பதே அவர்கள் கட்டடத்தின் அடித்தளம். ஆகவே ஒலி பிறப்பதில்லை, காற்றின் அசைவால் வெளிப்படுகிறது, அதனால்தான் நேற்றுக் கேட்ட எழுத்தை இன்றும் ‘அதே எழுத்து’ என்று இனங்காண முடிகிறது என்றனர். மணிமேகலையில் அறவண அடிகள் அளவைநெறியை விளக்கும் பகுதியில் ‘சத்தம் அநித்தம்’ என்பதே மாதிரி அனுமானமாக வருவதைக் காணும் தமிழ் வாசகர், இந்த வழக்கு எவ்வளவு பழையது, எவ்வளவு தூரம் பரவியது என்பதை உணர்ந்துகொள்ளலாம்.

இனி மேடை. டிரம் செட் என்பது காலால் மிதித்து ஒலிக்கும் கிக் டிரம், கம்பிச்சுருள் பொருத்திய ஸ்நேர், டாம்கள், இணைத்தட்டாகிய ஹை-ஹாட், பெரிய சிம்பல்கள் ஆகியவற்றின் தொகுதி. அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் இல்லை, வாசிப்பவர் கைதான் உண்டு. இதனால் சிறிய அரங்குகளில் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் அதுவே அளவுகோலாகிவிடுகிறது: டிரம் எவ்வளவு ஒலிக்கிறதோ அதற்கு ஈடாக ஏனையவற்றை உயர்த்துவார்கள். கிட்டாரும் பேஸ் கிட்டாரும் தாமாகக் கேட்கத்தக்க அளவு ஒலிக்காதவை. அவற்றின் மின்குறிப்பைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரும் அதை ஒலியாக்கும் ஸ்பீக்கர் பெட்டியுமே அவற்றின் குரல். ஆகவே கிட்டார் வாசிப்பவர் ஓரிடத்தில் நிற்க, கிட்டாரின் ஒலி பிறக்கும் இடம் அவருக்குப் பின்னால் தரையில் இருக்கிறது. வாசிப்பவரையும் ஒலியையும் இப்படிப் பிரித்த கருவி அன்னம்பட்டருக்குக் கிடைத்திருந்தால் காரண வகைகளுள் இன்னொன்றைச் சேர்த்திருப்பார் போலும்.

இப்பிரிவின் விளைவைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் பொருத்திய பெட்டி தரையில், வாசிப்பவரின் முழங்காலுக்குப் பின்னால், ஒரு மீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. தாழ்ந்த சுருதிகள் அப்பெட்டியிலிருந்து கடம்ப மொட்டின் இழைபோல எல்லாப் பக்கமும் பரவும். உயர்ந்த சுருதிகளோ, அவற்றின் அலைநீளம் ஸ்பீக்கர் வாயின் அகலத்தினும் சிறியதாகிவிடுவதால், டார்ச் விளக்கின் ஒளிக்கற்றைபோல நேர்முன்னே குவிந்து செல்லும். அக்கற்றை வாசிப்பவரின் கால்களுக்கிடையே புகுந்து, மேடையின் விளிம்பைக் கடந்து, முதல் இரண்டு வரிசையில் அமர்ந்திருப்போரின் முகத்தில் நேராகச் சென்று மோதுகிறது. தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் இருக்கும் வாசிப்பவரின் காதுக்கு எட்டுவது கூர்மை மழுங்கிய, மந்தமான ஒலியே. அவர் குனிந்து உயர்சுருதித் திருகை ஏற்றுகிறார். முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்துகிறார். ஒலிக் கலவைப் பலகையில் இருப்பவர் ஒலியைக் குறைக்கச் சொன்னால், தன் கருவியே தனக்குக் கேட்கவில்லை என்கிறார் வாசிப்பவர்.

இந்த வழக்கில் பொய்யர் யாரும் இல்லை. மேடைகளில் இது பெரும்பாலும் செருக்கு என்றும் அடம் என்றும் பேசப்படுகிறது; நையாயிகர் கொள்கையோ அதை அப்படிப் பேச விடாது. வாசிப்பவர் செவியில் பிறந்த ஒலி வேறு, முன்வரிசையாளர் செவியில் பிறந்த ஒலி வேறு. இரண்டும் ஒரே முதலிலிருந்து வந்த இரு கிளை வரிசைகளின் கடைசி உறுப்புகள். இரண்டைப் பற்றிய அறிவும் மெய்யறிவே. எனவே ஒருவர் மற்றவரைத் திருத்த வேண்டியதில்லை, பெட்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்தி வாயை மேல்நோக்கிச் சாய்த்தால் போதும். சில ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பக்கவாட்டில் சாய்கால்களே உண்டு. இல்லாத இடத்தில் காலி நாற்காலியின் மேல் தூக்கி வைப்பார்கள். 1965இல் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்காக லண்டனில் ஜிம் மார்ஷல் செய்துகொடுத்த எட்டு ஸ்பீக்கர் பெட்டி, தூக்க முடியாத கனத்தால் இரண்டாக வெட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது; வலிமைக்காகவும் தோற்றத்துக்காகவும் எழுந்த அந்த அடுக்கின் மேற்பெட்டி காதுயரத்துக்கு வந்துவிட்டது என்பதும் அதன் புகழுக்கு ஒரு காரணமாயிருக்கக் கூடும். சாய்க்காமல் விட்டால் நேர்வது தெரிந்ததே: இரைச்சலில் பேசுபவர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லோம்பார் கண்டது மேடைக்கும் பொருந்தும். கிட்டார் ஏற, பேஸ் ஏற, அதற்கு ஈடுகொடுக்க டிரம் வாசிப்பவர் கை ஓங்க, கடைசியில் பாடகரின் மைக்கில் குரலைவிடச் சிம்பலே அதிகமாக விழும்.

இடம் என்பது உரப்பை மட்டும் மாற்றுவதில்லை, காலத்தையும் மாற்றுகிறது. 20 பாகை செல்சியசில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மீட்டரைக் கடக்க நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு, சுருக்கமாக 3 மில்லிவினாடி ஆகிறது. நாலு மீட்டர் அகலமுள்ள மேடையில் இதை எவரும் பொருட்படுத்துவதில்லை. இருபது மீட்டர் தள்ளி நிற்கும் இருவரில் ஒருவரின் அடி மற்றவருக்கு எட்ட 58 மில்லிவினாடி ஆகும். கேட்டபின் அவர் வாசித்தது திரும்பி வர மேலும் அவ்வளவு. இருவரும் செவியை மட்டும் நம்பி ஒருவருக்காக மற்றவர் காத்தால், பாட்டு தன்னையறியாமல் இழுபட்டு மெதுவாகும். பேஸ் வாசிப்பவர் டிரம் வாசிப்பவரின் ஹை-ஹாட் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும் வழக்கத்தின் அடிப்படை இதுதான்: தாளத்தின் நுண்பகுப்பு ஹை-ஹாட்டில் ஒலிக்கிறது, கிக் டிரமோடு பேஸ் ஒட்டிச் செல்ல வேண்டியிருக்கிறது. கருநாடக இசை மேடையிலும் பாடகருக்கு இருபுறமும் வயலினும் மிருதங்கமும் நெருங்கி அமர்வதோடு, மிருதங்கத்தின் வலந்தலை அவையை நோக்க வேண்டும் என்பதால் இடக்கைப் பழக்கமுள்ள பழனி சுப்பிரமணிய பிள்ளை போன்றவர் வாசிக்கும்போது பக்கவாத்தியங்கள் பக்கம் மாற வேண்டியிருந்தது. அமரும் இடத்தை வெறும் மரியாதை வரிசை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நையாயிகருக்கு இவ்வளவு ஆதரவு தந்த மேடை, அரங்கம் பெரிதாகும்போது கட்சி மாறுகிறது. பெரிய அரங்கில் டிரம் நடுவில் இருக்க, அதன் ஒலி மைக்குகள் வழியே மேடையின் இரு ஓரத்திலும் தொங்கும் ஒலிபெருக்கிகளிலிருந்து வருகிறது. இடப்பக்கம் அமர்ந்திருப்பவர், கண்ணுக்கு நடுவில் தெரியும் டிரம்மைத் தலைக்கு மேலிருக்கும் இடப்பக்கப் பெட்டியில் கேட்கிறார். கேட்டது டிரம்மின் ஒலிதான் என்றாலும், ‘அதோ அந்தப் பேரிகையின் ஒலி’ என்று சுட்டும் விரலுக்கு இடமில்லாமல் போகிறது. தருமராசர் அனுபவம் என்று எதைக் காட்டினாரோ அது இங்கே முறிகிறது. முறிந்தபோது கேட்போர்க்கு ஏற்படும் பெயரிட முடியாத அதிருப்தியே, அந்த அனுபவம் வெறும் பேச்சு வழக்கு அன்று என்பதற்குச் சான்று.

1949இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் அளித்த ஆய்வு இவ்விடத்தில் உதவுகிறது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சிறிது கால இடைவெளியில் வந்தால், செவி அவற்றை இரண்டாகக் கேட்பதில்லை. முதலில் வந்தடைந்தது எந்தத் திசையோ அத்திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாக உணர்கிறது. இடைவெளி ஏறத்தாழ 5 முதல் 30 மில்லிவினாடிக்குள் இருந்தால், பிந்தி வருவது 10 டெசிபெல்வரை உரத்திருந்தாலும் இம்முடிவு மாறுவதில்லை. ஒலிபெருக்கி வரிசைக்கு மூன்று மீட்டர் பின்னால் டிரம் இருந்தால், ஒலிப் பொறியாளர் ஒலிபெருக்கியின் ஒலியை 9 மில்லிவினாடிக்குச் சற்று மேலாகத் தாமதப்படுத்துவார். மேடையிலிருந்து நேரே வரும் மெல்லிய அடி முதலில் செவியை எட்டி இடத்தைச் சொல்லிவிட, பின்தொடரும் உரத்த ஒலி அந்த இடத்துக்கே கணக்கு வைக்கப்படும். கேட்பவர் பெட்டியை மறந்து டிரம்மைக் கேட்பார்.

இதை வைத்து வழக்கைத் தீர்த்தால், இருவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. ஒலி வரிசையாக வந்து செவியில் முடிகிறது என்றதில் நையாயிகர் சரி. அந்த வரிசை இல்லையென்றால் தாமதப்படுத்துவதற்கு எதுவுமில்லை. ஆனால் செவி அந்தக் கடைசி உறுப்போடு நின்றுவிடுவதில்லை, வந்த வழியைத் திருப்பி எண்ணி முதலிடத்தைச் சுட்டுகிறது என்பதால், பேரிகையை நோக்கிய அனுபவத்தை மயக்கம் என்று தள்ள முடியாது என்றதில் தருமராசர் சரி. செவி பேரிகையிடம் நடந்து செல்லவில்லை, சென்றதுபோல அறிகிறது. தாமதப்படுத்திய ஒலிபெருக்கியில் அந்த அறிவு ஏமாற்றப்படுகிறதே என்று கேட்கலாம். ஒலி வருவது பெட்டியிலிருந்து, சுட்டப்படுவது டிரம். கயிற்றைப் பாம்பெனக் கண்ட கதைதான் இதுவும். எனினும் பாம்பு அங்கே இல்லை, டிரம்மோ அங்கே இருக்கிறது, அடிக்கவும் படுகிறது. பொய்யான வழியில் மெய்யான இடத்தைக் காட்டும் இந்த அறிவுக்குப் பழைய நூல்களின் வகைகளுள் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம்.

மேடையில் இருப்பவர்கள் தங்கள் இசையையே கேட்க முடியாமல் போன நிலைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1965 ஆகஸ்டு 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000க்கும் மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் நடத்திய நிகழ்ச்சி. அதற்கெனக் கொண்டுவரப்பட்ட 100 வாட் வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்களும், ஆட்ட அறிவிப்புக்காக அரங்கில் கட்டப்பட்டிருந்த ஒலிபெருக்கிகளுமே அவர்களுக்குத் துணை. வாசிப்பவரை நோக்கித் திருப்பி வைக்கும் மானிட்டர் பெட்டி அக்காலத்தில் வழக்கத்துக்கு வரவில்லை. கூட்டத்தின் கூச்சலில் எதுவும் கேட்காததால், முன்னால் நிற்பவர்களின் உடலசைவைப் பின்னாலிருந்து பார்த்தே பாட்டின் எந்தப் பகுதி ஓடுகிறது என்று டிரம் வாசித்த ரிங்கோ ஸ்டார் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. செவியின் வேலையைக் கண் செய்தது. மறு ஆண்டு ஆகஸ்டோடு அக்குழு சுற்றுப்பயணங்களை நிறுத்திக்கொண்டதற்குக் காரணங்கள் பல. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே எட்டாத மேடை அவற்றுள் ஒன்று.

இதற்கு நேர் எதிரான முயற்சியைக் கலிபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1974இல் மேற்கொண்டது. ‘ஒலிச்சுவர்’ என்று பெயர் பெற்ற அவ்வமைப்பை ஆஸ்லி ஸ்டான்லியும் அலெம்பிக் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் உருவாக்கினர். ஒலிபெருக்கிகளை மேடைக்கு முன்னும் பக்கங்களிலும் வைப்பதுதான் வழக்கம். இவர்கள் அனைத்தையும் வாசிப்போரின் முதுகுக்குப் பின்னால் அடுக்கினர். அறுநூறு ஸ்பீக்கர்கள், ஏறத்தாழ 75 டன் எடை. கிட்டாருக்கு ஓர் அடுக்கு, பேஸுக்கு ஓர் அடுக்கு, பியானோவுக்கும் குரல்களுக்கும் தனித்தனி என ஒவ்வொன்றுக்கும் தன் இடம். ஃபில் லெஷ் வாசித்த பேஸில் நான்கு தந்திகளின் ஒலியையும் நான்கு தனி வழிகளில் அனுப்பவும் முடிந்தது. மானிட்டர் பெட்டி இல்லை, ஏனெனில் அவையோர் கேட்கும் அதே ஒலியே வாசிப்போர் மேலும் பின்னாலிருந்து வந்து விழுந்தது. தருக்க மொழியில் சொன்னால், வாசிப்பவர் வரிசை ஒன்று, கேட்பவர் வரிசை ஒன்று என்னும் பிளவை ஒழித்து, ஒரே வரிசையின் வழியில் இருவரையும் நிறுத்தும் முயற்சி அது. கருவியின் ஒலி கருவிக்காரர் நிற்கும் இடத்திலிருந்தே வந்ததால், சுட்டும் விரலும் பிழைத்தது.

அதில் ஒரு தடை இருந்தது. ஒலிபெருக்கியின் ஒலி அதே மைக்கில் மீண்டும் விழுந்தால் அது பெருகிப் பெருகி ஊளையிடும். தமிழ்நாட்டுக் கலியாண மண்டபங்களில் மைக் ‘விசிலடிப்பது’ என்று சொல்வதும் இதுதான். பெருஞ்சுவரையே முதுகில் வைத்துக்கொண்டு மைக்கின் முன் பாடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை ஏறத்தாழ ஆறு செண்டிமீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாகப் பொருத்தி, ஒன்றின் மின்குறிப்பு மற்றொன்றுக்கு எதிர்முகமாக இருக்கும்படி இணைத்து அவர்கள் இதைக் கடந்தனர். சுவரிலிருந்து வரும் ஒலி இரு மைக்குக்கும் கிட்டத்தட்டச் சமமாக எட்டுவதால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பாடகர் உதடு ஒட்டும்படி ஒன்றில் மட்டும் பாடுவதால் அவர் குரல் எஞ்சும். பொது கழியச் சிறப்பு எஞ்சுகிறது. ‘விசேடம்’ என்னும் சொல்லையே தங்கள் தரிசனத்துக்குப் பெயராகக் கொண்டவர்கள் இந்தச் சூழ்ச்சியை விரும்பியிருப்பார்கள். விலையும் இருந்தது: வாய் சிறிது விலகினாலும் குரலும் பொதுவோடு சேர்ந்து கழிந்து, மெலிந்து ஒலித்தது.

அந்த ஆண்டின் மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவை அடுத்த கவ் பேலஸ் அரங்கில் முழுமையாக நின்ற சுவர், அக்டோபரில் விண்டர்லாண்டில் நடந்த நிகழ்ச்சிகளோடு ஓய்ந்தது. ஓரூரில் கட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஊரில் சாரம் எழ வேண்டியிருந்ததால், ஆட்கூலியும் லாரி வாடகையும் குழுவின் வருவாயை விழுங்கின. கணக்குப் புத்தகம் அதை வீழ்த்தியது என்பது உண்மை; ஆனால் கொள்கையளவிலும் அது தன் இலக்கை முழுதும் எட்டவில்லை. சுவருக்கு இரண்டு மீட்டர் முன்னே நின்ற கிட்டார்க்காரருக்கு அவருடைய அடுக்கே உரத்தது. எண்பது மீட்டர் அப்பால் நின்றவருக்கு எல்லா அடுக்குகளும் கலந்தே வந்தன, அதுவும் கால் நொடி பிந்தி. ஒரே சுவர், ஆயினும் செவிக்கொரு வரிசை. நையாயிகர் கணக்கை எழுபத்தைந்து டன்னாலும் அசைக்க முடியவில்லை.

அமெரிக்கத் தேவாலயங்கள் பலவற்றில் இசைக்குழு வழிபாடு வந்தபின் எழுந்த வழக்கம் வேறு திசையைக் காட்டுகிறது. பேச்சுக்கும் குழுப்பாட்டுக்கும் கட்டப்பட்ட கூடத்தில் டிரம் செட் மற்றெல்லாவற்றையும் மூழ்கடிப்பதால், அதைச் சுற்றி ஒளிபுகும் அக்ரிலிக் பலகைகளை நிறுத்துகிறார்கள். சில இடங்களில் மேலும் பின்னும் மூடி அறையாகவே ஆக்கிவிடுகிறார்கள். வழிபாட்டில் சபை தன் குரலைத் தானே கேட்க வேண்டும் என்னும் கோரிக்கை இதன் பின்னால் இருக்கிறது, அது நியாயமானது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் கைகள் ஓங்கி விழுவது கண்ணுக்குத் தெரிய, ஒலி மட்டும் தலைக்கு மேலிருந்து அடக்கமாக இறங்குகிறது. டிரம் இருக்கும் இடத்தைக் கண் அறியும், செவி அறியாது.

இப்பிரிவின் கடைசிப் படி, 1990களில் பரவத் தொடங்கிய காதுச்செருகு மானிட்டர். காதுத் துளையை அடைத்துக்கொள்ளும் அச்சிறு கருவி, ஒவ்வொரு வாசிப்பவருக்கும் அவர் கேட்ட விகிதத்தில் கலந்த ஒலியைத் தருகிறது. மானிட்டர் பெட்டிகளும் அவற்றின் இரைச்சலும் பல மேடைகளிலிருந்து மறைந்தன; ஆம்ப்ளிஃபயரை மேடைக்குப் பின்னாலுள்ள அறையில் வைத்துவிடவும் முடிகிறது. செவித்துளையால் எல்லை கட்டப்பட்ட ஆகாயமே செவி என்ற பழைய இலக்கணத்தை இதைவிட நேராக நிறைவேற்றும் கருவி வேறில்லை: வரிசையின் கடைசி உறுப்பு மட்டும், முந்தைய உறுப்புகள் எவையும் இல்லாமல், துளைக்குள்ளேயே பிறக்கிறது. அதனால் அந்த ஒலிக்கு வெளியே இடமில்லை. டிரம் தலையின் நடுவில் ஒலிப்பதாகத் தோன்றும்; பாடகர் திரும்பி டிரம் வாசிப்பவரைப் பார்த்தால், டிரம்மின் ஒலியும் அவர் தலையோடு சேர்ந்து திரும்பும். இக்குறையைப் போக்கவே மேடை விளிம்பில் அவையை நோக்கி இரண்டு மைக்குகளை வைத்து, கூட்டத்தின் ஓசையையும் அரங்கின் எதிரொலியையும் கலவையில் சேர்க்கிறார்கள். அப்படியிருந்தும் நிகழ்ச்சி சூடேறும் நேரத்தில் பாடகர் ஒரு பக்கத்துச் செருகைப் பிடுங்கித் தோளில் தொங்கவிடுவதைக் காணலாம். ஒரு காதைத் திறந்துவைத்துக்கொள்வது கேள்திறனுக்குக் கேடு, திறந்த காதின் குறையை ஈடுசெய்ய அடைத்த காதில் ஒலியைக் கூட்டிக்கொள்வார்கள் என்று பொறியாளர்கள் எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கை தெரிந்தவர்களும் பிடுங்குகிறார்கள். அந்தக் காதைப் பின்னால், டிரம் இருக்கும் பக்கமாக, சற்றுத் திருப்பிக்கொள்கிறார்கள்.